சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியருக்கு ஒரு மேசையும் இருபது நிமிடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு செவிலியர் படிப்பு பற்றிய வழிகாட்டிக் கட்டுரைகள் எல்லா நாளிதழ்களிலும் வரத் தொடங்கிவிடுகின்றன. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, டிப்ளமோ மூன்று ஆண்டு, அப்புறம் அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு, இல்லாவிட்டால் வளைகுடா. சிறப்புத் துறைகள் என்று வரும்போது தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், அறுவை அரங்கு ஆகியவற்றைச் சொல்கிறார்கள். நீரிழிவுக் கல்விச் செவிலியர் என்று ஒரு வேலை இருப்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். மருந்து எழுத மருத்துவர் இருக்கிறார், எடுத்துக் கொடுக்க மருந்தாளுநர் இருக்கிறார். அந்த ஊசியையும் மாத்திரையையும் வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று கற்றுக்கொடுக்கத்தான் ஆள் போதவில்லை. இந்த வேலைக்கு வர நினைக்கும் இளம் செவிலியர்களுக்கும், அவர்களை அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டிய சுகாதாரத் துறைக்கும் சேர்த்தே இந்தக் கடிதம்.

"இனிப்பைக் குறைங்க, தினமும் நடங்க, பாகற்காய் சேர்த்துக்குங்க" என்று வரிசையில் நிற்பவரிடம் சொல்லி, படம் போட்ட ஒரு துண்டுத்தாளைக் கையில் கொடுப்பதைத்தான் பல இடங்களில் நீரிழிவுக் கல்வி என்கிறார்கள். அது கல்வியும் இல்லை, அதற்கு நான்கு ஆண்டு படித்த செவிலியரும் தேவையில்லை. செவிலியரின் பயிற்சி பயன்படுவது நோயாளியின் கையைப் பார்க்கும்போது. "புரிஞ்சுதாம்மா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுல எப்படிப் போட்டுக்குவீங்களோ, அப்படியே எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றால்தான் விஷயம் வெளியே வரும்.

இன்சுலின் போடும் பேனா ஊசியை எடுத்துக்கொள்வோம். அதன் ஊசிமுனைக்கு இரண்டு மூடிகள். வெளியே பெரியது; உள்ளே, ஊசியை ஒட்டி, விரல்நுனி அளவுக்கு மெல்லிய ஒன்று. பெரியதைக் கழற்றிவிட்டு உள்மூடியோடே வயிற்றில் அழுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், எண் பூஜ்யத்துக்கு இறங்கும். மருந்து உள்மூடிக்குள் வழிந்திருக்கும். அவரைப் பொறுத்தவரை ஊசி போட்டாயிற்று, வலியே இல்லை, சந்தோஷம். சர்க்கரை 350-க்குக் கீழே வராது. மருத்துவர் 20 யூனிட்டை 26 ஆக்குவார், பிறகு 34 ஆக்குவார். வேறு ஏதோ காரணத்துக்காக ஒரு நாள் வார்டில் சேர்க்கும்போது, டியூட்டி செவிலியர் அதே 34 யூனிட்டை ஒழுங்காகப் போடுவார். நள்ளிரவில் நோயாளி வியர்த்துக் கொட்டி நினைவு தப்பிக் கிடப்பார். கேஸ் ஷீட்டில் மருந்தளவைத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கும். உள்மூடியைப் பற்றி ஒரு வரி இருக்காது.

பேனாவில் இன்னும் மூன்று இடங்களில் சறுக்கல் வரும். புதிய முனை மாட்டியதும் 2 யூனிட் திருகி, முனையை மேலே பார்க்க வைத்து அமுக்கி, ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றுக்குத்தான் முதல் யூனிட்டுகள் போகும். அமுக்கிய பின் மனத்துக்குள் 10 வரை எண்ணிவிட்டே ஊசியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் தோலின் மேல் ஈரம் நிற்கும். போட்டு முடித்ததும் முனையைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் பையில் போட்டுவைத்தால் வெயிலில் மருந்து விரிந்து கசியும், குளிரில் காற்று உள்ளே போகும். வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் சேர்ந்த கலவை இன்சுலின் என்றால் கசிவில் தெளிந்த பகுதி முன்னே போய், மீதியில் விகிதமே மாறிவிடும். அந்தக் கலவையை ஒவ்வொரு முறையும் உள்ளங்கைகளுக்கு நடுவே 10 தடவை உருட்டி, 10 தடவை தலைகீழாகக் கவிழ்த்து, பால் போல ஒரே வெண்மையாக வந்த பிறகே போட வேண்டும். குலுக்கக் கூடாது, நுரை வந்தால் அளவு தப்பும்.

அரசு மருத்துவமனையில் தருவது பெரும்பாலும் குப்பி. 10 மில்லி, ஒரு மில்லிக்கு 40 யூனிட். தனியாரில் எழுதுவது பேனா கார்ட்ரிட்ஜ். 3 மில்லி, ஒரு மில்லிக்கு 100 யூனிட். கையில் காசு இருக்கும் மாதம் பேனா, இல்லாத மாதம் அரசுக் குப்பி என்று நம் மக்கள் மாறி மாறிப் போகிறார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த மாற்றத்தில்தான் ஆபத்து இருக்கிறது. குப்பிக்கு உரிய சிரிஞ்சு சிவப்பு மூடி, 40 கணக்கு. ஆரஞ்சு மூடி போட்டது 100 கணக்கு. பேனா கெட்டுப்போயிற்று என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். உயிர் போகும் அளவு. மாறாக, கடைக்காரர் கொடுத்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அரசுக் குப்பியை 20 கோடு வரை இழுத்தால் போவது வெறும் 8 யூனிட். 'மருந்து வேலை செய்யல' என்று வருவார்கள். ஆகவே நோயாளியிடம் "எத்தனை யூனிட் போடுறீங்க?" என்று மட்டும் கேட்கும் செவிலியர் பாதி வேலைதான் செய்கிறார். சிரிஞ்சையும் குப்பியையும் மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

இதிலேயே ஒரு எளிய தணிக்கை உண்டு. குப்பியில் மொத்தம் 400 யூனிட். ஒரு நாளைக்கு 40 யூனிட் போடுபவருக்கு அது 10 நாளில் தீர வேண்டும். கார்ட்ரிட்ஜில் 300, காலை 20, இரவு 20, சொட்டு பார்க்க இரண்டு தடவை 2 என்றால் நாளைக்கு 44, ஏழாவது நாளே காலி. நாளைக்கு 40 யூனிட் போட வேண்டியவர் 'ஒரு குப்பி ஒரு மாசம் வருது சிஸ்டர்' என்று பெருமையாகச் சொன்னால், அவர் மூன்று வேளைக்கு இரண்டு வேளை போடுவதில்லை என்று அர்த்தம். அவரைத் திட்டக் கூடாது. காரணம் கேட்க வேண்டும். வேலைக்குப் போகும் இடத்தில் ஊசி போட மறைவான இடம் இல்லை, இரவில் கண் தெரியவில்லை, மருமகள் எதிரில் கூச்சம், 'ஊசி ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது' என்று பக்கத்து வீட்டில் சொன்னது என்று பல காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

அடுத்தது ஊசி போடும் இடம். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் போட்டுவந்தால் தோலுக்குக் கீழே கொழுப்பு தடித்துக் கட்டியாகும். அங்கே வலி தெரியாது என்பதால் கை தானாக அங்கேயே போகும். ஒரே ஊசிமுனையைப் பல நாள் வைத்துப் போடுவது இதை இன்னும் வேகப்படுத்தும். கட்டிக்குள் போன மருந்து எப்போது இரத்தத்தில் கலக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் 300, மறுநாள் 60 என்று சர்க்கரை ஆடும். கண்ணால் பார்த்தால் பல கட்டிகள் தெரியாது. விரல்களால் மெதுவாகத் தடவிப் பார்த்தால் சுற்றியிருக்கும் தோலைவிட ரப்பர் போலக் கெட்டியாக அகப்படும். கண்டுபிடித்ததும் 'இனிமே இந்தப் பக்கம் போடுங்க' என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரிய தவறு. நல்ல தோலில் அதே அளவு முழுதாக வேலை செய்யும், சர்க்கரை சடாரென்று இறங்கும். முதலில் மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டு, அந்த ஒரு வாரம் அடிக்கடி சோதிக்கச் சொல்ல வேண்டும். மருந்தளவை மாற்றும் அதிகாரம் நம் நாட்டில் செவிலியருக்கு இல்லை. மாற்றக் காரணம் இருக்கிறது என்று முதலில் அறிபவர் பெரும்பாலும் அவர்தான்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகள் பற்றியும் சொல்ல வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்து பயன்படுத்துவதை நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம் என்பது அதிக வெப்பம் இல்லாத அறைக்குப் பொருந்தும்; வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலுக்குத் தகரக் கூரையின்கீழ் பொருந்தாது. மண்பானையில் பாதி தண்ணீர் ஊற்றி, குப்பியை நீர் புகாத டப்பாவில் போட்டு மிதக்கவிட்டு, நிழலில், காற்று படும் மூலையில் வைத்தால் போதும். டூவீலர் சீட்டுக்கு அடியிலும் சமையலறை அலமாரியிலும் வைக்கவே கூடாது. பிரிட்ஜ் இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு: பத்திரமாக இருக்கட்டும் என்று ஐஸ் உறையும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குச் சில சமயம் நன்றாகவே இருக்கும். அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

சர்க்கரை இறங்குவதைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும்: வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அதாவது குளுக்கோஸ் பொடி மூன்று டீஸ்பூன் தண்ணீரில். பிஸ்கட்டும் சாக்லேட்டும் உதவாது, கொழுப்பு அதைத் தாமதப்படுத்தும். பலர் அறியாதது இனிதான். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும் வேகமாக வேலை செய்யாது; அந்த மருந்து சர்க்கரையைக் குடலில் உடைய விடாமல் தடுக்கும். அவர் சட்டைப்பையில் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகள் சரளமாக எழுதப்படுகின்றன. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் செவிலியருக்கு வேண்டும். இன்னொன்று, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கும் சர்க்கரை, ஏற்றிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர் என்றால் 'தெளிஞ்சிட்டார்' என்று வீட்டிலேயே விட்டுவிடக் கூடாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை நோயாளியிடம் சொல்லிப் பயனில்லை. அப்போது அவர் நினைவில் இருக்கமாட்டார். வீட்டில் உடன் இருப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

உணவைப் பற்றி எழுதுபவர்கள் ஏராளம் என்பதால் சுருக்கமாக. சோறுக்குப் பதில் சப்பாத்தி, கேழ்வரகுக் களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அரிசி, கோதுமை, கேழ்வரகு எதுவானாலும் சமைக்காத 100 கிராமில் ஏறத்தாழ 65 முதல் 78 கிராம் வரை மாவுச்சத்துதான். நார்ச்சத்தில் வித்தியாசம் உண்டு, அளவில் விட்டுக்கொடுக்க முடியாது. 'ஒரு கப்' என்று சொல்வதால் யாருக்கும் எதுவும் விளங்காது. அவர் வீட்டுக் கரண்டியில் எத்தனை என்று பேச வேண்டும். சாப்பாட்டை அக்கறையாகக் கேட்டுவிட்டு டீயை மறந்துவிடுகிறோம். கடையில் நாளைக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் அதுவே 50 கிராம் சர்க்கரை.

காலுக்கு வருவோம். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதிக்கும் 10 கிராம் மோனோஃபிலமெண்ட் என்பது, 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, பெருவிரலின் அடியிலும் விரல்களின் அடிமேட்டிலும் செங்குத்தாக வைத்து, இழை வளையும் வரை ஒன்றிரண்டு நொடி அழுத்துவது. வளைந்தும் அவருக்குத் தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்தில் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது. காய்ப்பு இருக்கும் இடத்தில் வைத்துச் சோதித்தால் பொய்யான முடிவு வரும். 'இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா' என்று கேட்டுக்கொண்டே செய்தாலும் அப்படித்தான்; அவர் உங்களுக்காகத் தெரிகிறது என்பார். ஒரே இழையால் தொடர்ந்து பத்துப் பேரைச் சோதித்தால் அது தளர்ந்துவிடும், ஒரு நாள் ஓய்வு வேண்டும். கூட்டம் நிறைந்த முகாம்களில் ஒரே இழை காலை முதல் மாலை வரை ஓடுகிறது. தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் நல்ல தொடக்கம். அதில் ஒரு செவிலியருக்கு மூன்று இழைகளாவது தரப்பட வேண்டும். உணர்வு போனவருக்குச் சொல்ல வேண்டியவை நம் ஊருக்கே உரியவை. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலில் சுற்றாமல் காலையிலோ மாலையிலோ போவது, வீங்கிய விரலில் இறுகும் மெட்டியைக் கழற்றுவது, செருப்புக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு மாட்டுவது, ஆணிக்காலை பிளேடால் சீவாமல் இருப்பது, வெந்நீரில் காலை வைக்காமல் இருப்பது. மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கினால் பின்வார் உள்ளதாக வாங்க வேண்டும். உணர்வில்லாத காலிலிருந்து வாரில்லாத செருப்பு நழுவி விழுந்தது நடப்பவருக்கே தெரியாது.

கர்ப்பிணிகளுக்கான சர்க்கரைச் சோதனையில் சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் பங்கு இந்தியா அறிந்தது. வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். இதெல்லாம் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கிறது. கோட்டை விடுவது பிரசவத்துக்குப் பிறகு. ஆறாவது வாரம் தாய்க்கு மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது அவர் தாய்வீட்டில், வேறு மாவட்டத்தில் இருக்கிறார். சீட்டு இங்கே, ஆள் அங்கே. ஆனால் அதே ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட எந்த ஊரிலாவது ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு அவர் வந்தே தீருவார். தாயின் சோதனையையும் அதே நாளில் முடித்துவிட்டால் என்ன? தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

டாபாக்ளிஃப்ளோசின் 2020-இல் காப்புரிமை முடிந்து விலை குறைந்த பிறகு எங்கும் எழுதப்படுகிறது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து. எனவே பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும். சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடும் பெண்களிடம் முன்கூட்டியே பேசுவது செவிலியருக்குத்தான் எளிது. வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி என்றால் அதையும் மெட்ஃபார்மினையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை 200-லேயே இருந்தாலும் கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது, அதுவும் உடலில் இன்சுலினே சுரக்காத முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளுக்கு. 'சாப்பிடலையே, ஊசி எதுக்கு' என்று பெற்றோர் நிறுத்துவதே அந்தக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் வழி.

இவ்வளவும் தெரிந்த செவிலியர் ஆவது எப்படி? கல்லூரிப் பாடத்தில் நீரிழிவு ஓர் அத்தியாயம். அதோடு வெளியே வருபவரை நேராகக் கல்வி மேசையில் உட்காரவைத்தால் துண்டுத்தாளைத்தான் படித்துக்காட்டுவார். தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்த பிறகு, முதல் இரண்டு ஆண்டு பொது மருத்துவ வார்டில் இருங்கள். விடியற்காலை மூன்று மணிக்குச் சர்க்கரை இறங்குவதை, கீட்டோன் ஏறி மூச்சு வாங்குபவரை, விரல் வெட்டி எடுக்கப்பட்ட பாதத்தை நேரில் பார்க்காமல் இந்த வேலைக்கு வர முடியாது. பிறகு கால் பராமரிப்புப் பிரிவு, கர்ப்பிணிகள் பிரிவு, குழந்தைகள் பிரிவு மூன்றிலும் சில மாதங்களாவது கேட்டு வாங்குங்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இணையவழிப் பாடங்களை நடத்துகிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஜனவரிதோறும் புதுப்பிக்கும் சிகிச்சை நெறிமுறைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் கடினமாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை படித்துவிட வேண்டும்.

வெளிநாட்டுக் கனவுள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் நீரிழிவுக் கல்வியாளர் சான்றிதழுக்கு அந்நாட்டு உரிமமும், அங்கேயே செய்த 1,000 மணி நேரக் கல்விப் பணியும் கேட்கிறார்கள். இங்கே பார்த்த வேலை அந்தக் கணக்கில் சேராது. 'இங்கிருந்தே தேர்வெழுதி வாங்கிவிடலாம்' என்று பணம் கேட்கும் முகவர்களை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் அங்கீகாரம் பெற்ற முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பும் பணி நேரமும் சேர்ந்தே தகுதி. பிரிட்டனில் நீரிழிவுச் சிறப்புச் செவிலியர் என்பது தனிப் பதவி, பொதுவாக ஸ்டாஃப் நர்சைவிட ஒரு படி மேல். எங்கே போனாலும், எத்தனை பேருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்று நாள்தோறும் எழுதிவைத்த குறிப்பேடு நேர்முகத் தேர்வில் பேசும்.

உள்ளூர்த் தனியார் வேலையில் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்: சம்பளம் தருவது யார்? மருந்து நிறுவனங்கள் இடைத்தரகு அமைப்புகள் மூலம் 'கல்வியாளர்'களை மருத்துவமனைகளில் உட்காரவைக்கும் வழக்கம் இந்தியாவில் உண்டு. அவர்களில் நன்றாகக் கற்றுக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 40 யூனிட் குப்பியே போதும் என்று நோயாளியிடம் சொல்லும் சுதந்திரம் அந்த நாற்காலிக்குக் கிடையாது. மாதம் எத்தனை பேனா, எத்தனை புரோட்டீன் பவுடர் என்று இலக்கு வைக்கிறார்கள் என்றால் அது விற்பனை வேலை. அதற்குச் செவிலியர் சீருடை எதற்கு?

இனி அரசுக்கு. 1948-இலேயே சென்னை ஸ்டான்லியில் மருத்துவர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய மாநிலம் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மருந்தை வாசலுக்கே கொண்டுபோகிறது. தொற்றாநோய்ப் பிரிவுகளில் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காலைநேரம் முழுவதும் இரத்த அழுத்தம் பார்ப்பதிலும், பதிவேட்டையும் செயலியையும் நிரப்புவதிலும் போகிறது. கற்றுக்கொடுக்க நேரம் இல்லை. இரண்டு ஆண்டு பழகி இந்த வேலையில் கை தேர்ந்ததும், கலந்தாய்வில் பிரசவ வார்டுக்கு மாற்றப்படுகிறார்கள். அவர்களோடு அனுபவமும் போய்விடுகிறது.

நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் நீரிழிவுக் கல்விக்கென்று ஒரு செவிலியர், திரை போட்ட ஒரு மேசை. புதிதாக இன்சுலின் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் மறுபடி பத்துப் பத்து நிமிடம். மேசையில் இரண்டு வகைச் சிரிஞ்சும், காலிக் குப்பியும், பேனாவும், ஊசி போட்டுப் பழக ஒரு பஞ்சுத் தலையணையும், மோனோஃபிலமெண்ட் மூன்றும், பாதத்தின் அதிர்வு உணர்வைச் சோதிக்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும், ஒரு சோற்றுக் கரண்டியும். பயன்படுத்திய ஊசிகளைப் போட்டு மூடித் திருப்பிக் கொண்டுவர, தடித்த பிளாஸ்டிக் பாட்டிலை நோயாளியிடம் கொடுத்தனுப்பலாம். இப்போது அந்த ஊசிகள் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களின் விரல்களில் ஏறுகின்றன. கற்றுக்கொடுத்ததைக் குறிக்க நோயாளியின் கையேட்டில் ஒரு பக்கம் வேண்டும். எதைச் செய்துகாட்டினார், எங்கே தவறினார், வயிற்றில் கட்டி உண்டா, குப்பி எத்தனை நாளில் தீர்கிறது என்று நான்கே வரி. மருந்தளவைக் கூட்டுமுன் மருத்துவர் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும்.

வீடு தேடிப் போகும் தன்னார்வலர்களையும் இதோடு இணைக்கலாம். மருந்து கொடுக்கும்போதே பழைய குப்பியில் எவ்வளவு மீதி என்று பார்த்து, சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்று பார்த்து, பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்த்து, ஏதாவது இடித்தால் அந்தச் செவிலியரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு அரை நாள் பயிற்சி போதும்.

2023-இல் நிறைவேறிய தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டத்தின்படி செவிலியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் புதிய அமைப்புக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. தீவிர சிகிச்சைக்கும் புற்றுநோய்ப் பிரிவுக்கும் இருப்பதைப் போல நீரிழிவுக் கல்விக்கும் ஓராண்டுச் சிறப்புப் பட்டயத்தை அரசு செவிலியர் கல்லூரிகளில் தொடங்கத் தமிழ்நாடு இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். அதை முடித்தவர்களைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு இடமாற்றக் கலந்தாய்விலிருந்து விலக்கி வைக்கும் அரசாணையும், அந்தப் பதவிக்குத் தொகுப்பூதியம் இல்லாத முறையான ஊதியமும் உடன் வர வேண்டும்.

இப்படிக்கு,
நீரிழிவுப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.